பாசறையிலிருந்து வந்த பிடில்

கருநாடக இசையரங்கு ஒன்றில் பாடுவோர் நடுவே அமர்ந்திருப்பார். ஒருபுறம் மிருதங்கமும் மறுபுறம் பிடிலும் இருக்கும். பிடிலின் துணையில்லாத கச்சேரியைக் காண்பது அரிது. திருவையாற்றில் காவிரிக்கரையில் நிகழும் தியாகராசர் ஆராதனையிலும், சிற்றூர்த் திருமண வீட்டிலும், பள்ளிக்கூட ஆண்டுவிழாவிலும் அஃது ஒலிக்கிறது. அதனைக் கேட்டு வளர்ந்தவர்க்கு, வீணையைப் போலவும் குழலைப் போலவும் அதுவும் இந்நாட்டிலேயே தோன்றிய தொன்மையான கருவி என்றே தோன்றும். உண்மை வேறு. பிடில், அல்லது வயலின் என்னும் இக்கருவி, பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் உருப்பெற்றது. தமிழ்நாட்டு இசைவாணர் கைக்கு அது வந்து சேர்ந்து இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. அது வந்த வழியும் வியப்பிற்குரியது. கோட்டைகளில் முழங்கிய படை இசைக்குழுவின் வழியாகவே அது வந்தது.

படைக்கும் பிடிலுக்கும் என்ன தொடர்பு? முரசும் எக்காளமும் போர்க்களத்திற்கு உரியவை. நான்கு மெல்லிய நரம்புகளையும் ஒரு வில்லையும் கொண்ட பிடில் அங்கே எதற்கு? இவ்வினா எழுவது இயல்பே. இதற்குரிய விடையைக் காவிரிப் படுகைக் கோயில் ஊர் ஒன்றின் வழக்கத்தைக் கொண்டே விளக்கலாம்.

மன்னார்குடி இராசகோபாலசாமி கோயிலில் பங்குனித் திருவிழா பதினெட்டு நாள் நிகழ்வது. வெண்ணெய்த்தாழி நாளன்று, வெண்ணெய்க் குடத்துடன் தவழும் குழந்தைக் கண்ணனாக இறைவன் பல்லக்கில் எழுந்தருள, மக்கள் வெண்ணெயை வாரி எறிந்து மகிழ்வர். அத்துணைப் பெருங்கூட்டத்தின் ஆரவாரத்தையும் ஊடுருவிக்கொண்டு எழுவது நாகசுரத்தின் ஒலி. அதற்கு ஈடுகொடுப்பது தவில். தெருவில் வீணையை வாசித்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேளாது. ஆனால், வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் அமர்ந்து கேட்கும்போது வீணையின் நுண்மைக்கு இணையில்லை. வெளிக்கு ஓர் இசை, உள்ளுக்கு ஓர் இசை என்பது இந்நாட்டார் நன்கறிந்த பாகுபாடு.

ஐரோப்பியப் படைகளிலும் இதே பாகுபாடு இருந்தது. அணிவகுத்து நடக்கும்போது வீரர்களின் அடி ஒன்றாக விழவேண்டும். அதற்கு முரசும், ஊதுகருவிகளும் வேண்டும். பொழுது சாய்ந்தபின் அதிகாரிகளின் விருந்துக் கூடத்தில் அம்முழக்கம் பொருந்தாது; அங்கு நரம்புக் கருவிகளே ஏற்றவை. இரண்டு குழுக்களை வைத்துச் சம்பளம் கொடுப்பது பெருஞ்செலவு. ஆதலால், ஒரே இசைஞன் பகலில் ஊதுகருவியும் இரவில் பிடிலும் வாசிக்க வல்லவனாக இருத்தல் சிறப்பெனக் கருதப்பட்டது. 1762ஆம் ஆண்டில் செருமனியின் மிண்டன் நகரில் பிரித்தானியப் பீரங்கிப் படையின் இசைக்குழு அமைக்கப்பட்டபொழுது, அதன் எட்டு இசைஞரும் பிற கருவிகளோடு பிடில் முதலிய நரம்புக் கருவிகளையும் குழலையும் வாசிக்கக் கூடியவராக இருத்தல் வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. இவ்வாறு பிடில்காரனும் படையின் ஊழியன் ஆனான். காலையில் அணிவகுப்பு, ஞாயிறன்று தேவாலயம், மாலையில் விருந்து, விழா நாளில் நடன அரங்கு என்று அவன் பணி அமைந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் புனித சார்ச்சுக் கோட்டையை எழுப்பி ஊன்றியபின், அவர்களுடைய படைகளோடு இவ்விசைக் குழுக்களும் வந்தன. கம்பெனிப் படையில் இசைஞர் பெற்ற இடத்தைப் பற்றிய செய்தி ஒன்று சிந்திக்கத்தக்கது. தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர் படையில் சேரலாகாது என்று கம்பெனியார் 1795இல் ஆணை பிறப்பித்தனர். ஆயினும், முரசறைவோர், குழலூதுவோர், இசைக்குழுவினர், குதிரைக்கு லாடம் அடிப்போர் ஆகிய பணிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தனர். வாளும் துப்பாக்கியும் மறுக்கப்பட்ட கைகளுக்கு இசைக்கருவிகள் மட்டும் எஞ்சின. அதிகாரத்தை இழந்தவரிடத்து இசை எஞ்சும் இந்நிலையை, அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சையின் அரசரே எய்த வேண்டியவரானார்.

தஞ்சையை மராட்டிய மன்னர் ஆண்டுவந்த காலம் அது. மன்னார்குடியும் திருவாரூரும் அவ்வரசின் எல்லைக்குள் அடங்கியவை. 1798இல் அரியணை ஏறியவர் இரண்டாம் சரபோசி மன்னர். இளமையில் சுவார்த்சு என்னும் செருமானியப் பாதிரியாரின் அரவணைப்பில் வளர்ந்தவர். ஆங்கிலமும் அறிவியலும் கற்றவர். அவர் பட்டம் எய்திய அடுத்த ஆண்டே, அதாவது 1799இல், கம்பெனியாரோடு உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. அதன்படி நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியார் கைக்குச் சென்றது. தஞ்சைக் கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியுமே மன்னரிடம் எஞ்சின. ஆண்டுதோறும் ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு உரியவை என வரையறுக்கப்பட்டன.

வேறொருவராயின் அப்பொருளை வீண் கேளிக்கையில் செலவிட்டிருத்தல் கூடும். சரபோசி மன்னர் நூல்களைத் தொகுத்தார், சரசுவதி மகால் நூல்நிலையத்தை வளம்பெறச் செய்தார், மருத்துவத்தை ஆராய்ந்தார், கலைவாணரைப் போற்றினார். அவரது அவையில் மேனாட்டு முறையில் அமைந்த இசைக்குழு ஒன்றும் இடம்பெற்றது. தஞ்சாவூர்ப் பாண்டு எனப்பட்ட அக்குழுவில் இந்நாட்டு இசைஞர் மேனாட்டுக் கருவிகளை வாசித்தனர். மேனாட்டுச் சுரக்குறிகளால் எழுதப்பட்ட இசை ஏடுகள் சரசுவதி மகாலில் அம்மன்னரின் ஆர்வத்திற்குச் சான்றாக உள்ளன. அவருடைய அமைச்சர் வரகப்பையர் பிடில் வாசிப்பதில் தேர்ச்சியுற்றவர். சென்னைக்கு அரசாங்க அலுவலாகச் சென்றிருந்தபொழுது ஆளுநர் மாளிகையில் அக்கருவியைக் கண்டு விருப்புற்றுக் கற்றார் என்பர். போர்ப்படை மன்னரை விட்டு நீங்கிவிட்டது. படைக்குரிய இசை மட்டும் அவரது அவையில் தங்கிற்று. தோற்றத்தில் இஃது ஆற்றலிழந்த அரசின் அணிகலனே. எனினும், அணிகலனாக வந்த அவ்விசை விதையாகவும் அமைந்தது.

அவ்விதையை முளைக்கச் செய்தவருள் முதன்மையானவர் திருவாரூர் பாலுசாமி தீட்சிதர். இவர் 1786இல் பிறந்தார். இவர்தம் தந்தையார் இராமசாமி தீட்சிதர் பெரும்புலமை வாய்ந்த இசைவாணர். தமையனார், சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் கம்பெனியாரின் துபாசியாக விளங்கிய முத்துக்கிருட்டிண முதலியார் இக்குடும்பத்தை அழைத்துத் தம் ஊரில் இருத்தி ஆதரித்தார். அவருக்குப்பின் அவர் மகனார் வேங்கடகிருட்டிண முதலியாரும் அவ்வாதரவைத் தொடர்ந்தார். துபாசிகள் கம்பெனி அதிகாரிகளோடு நெருங்கிப் பழகியவர்கள். ஆதலால், கோட்டையில் ஒலித்த மேனாட்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு அத்தீட்சிதச் சகோதரர்க்குக் கிட்டியது.

கேட்ட அளவில் பாலுசாமியின் உள்ளத்தைப் பிடில் கவர்ந்தது. அவருடைய ஆர்வத்தைக் கண்ட முதலியார், ஐரோப்பிய இசைஞர் ஒருவரைக் கொண்டு அவருக்குப் பிடில் கற்பிக்க ஏற்பாடு செய்தார். மூன்றாண்டுக் காலம் பாலுசாமி அதனை முறையாகப் பயின்றார். வேதமும் வீணையும் பயிலும் மரபில் வந்த இளைஞர், அயல்நாட்டாரிடம் அயல்நாட்டுக் கருவியைக் கற்க முன்வந்தது அந்நாளில் சிறிய செயலன்று. தம் மரபைக் கைவிட்டு அதனை அவர் ஏற்கவில்லை. தம் மரபிற்குள் அதனை அழைத்துக்கொண்டார். மேனாட்டுப் பாடங்களைக் கற்றபின் கருநாடக இசையை அதில் வாசித்துப் பழகினார். பின்னாளில் எட்டயபுரம் அரசவையின் வித்துவானாக விளங்கி, 1859இல் மறைந்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரரும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூல், இக்குடும்பத்தின் இசைச் செல்வத்தை உலகிற்கு அளித்தது.

கோட்டையில் கேட்ட இசை தமையனாரிடம் வேறொரு வகையில் பயன் விளைத்தது. படை இசைக்குழுக்கள் வாசித்த மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். 'நோட்' என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அப்பாடல்களுக்கு நோட்டுசுரங்கள் என்னும் பெயர் ஏற்பட்டது. ஏறத்தாழ 40 நோட்டுசுரங்கள் வழங்குகின்றன. இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் நாட்டுப்பண்ணின் மெட்டும் அவற்றுள் ஒன்று; அம்மெட்டு தீட்சிதரிடத்தில் கலைமகளும் மலைமகளும் ஒன்றான சியாமளையைப் போற்றும் பாடலாயிற்று. அரசனைப் புகழ்வதற்கென ஆக்கப்பட்ட மெட்டு அம்பிகையைப் புகழும் மெட்டாக மாறியது.

இந்நோட்டுசுரங்கள் சங்கராபரண இராகத்தின் சுரங்களால் ஆனவை; கமகம் இல்லாதவை. படைவீரன் அடிமேல் அடிவைத்து நேராக நடப்பதுபோல, ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு நேரே செல்பவை. இதே தீட்சிதர் மன்னார்குடி இராசகோபாலன்மீது சாவேரி இராகத்தில் பாடியுள்ள கீர்த்தனையின் நடையோ முற்றிலும் வேறு. பெருந்தேர் தெருமுனையில் திரும்பும்பொழுது எவ்வாறு ஒரே வீச்சில் திரும்பாமல் சிறிது சிறிதாக அசைந்து திரும்புகின்றதோ, அவ்வாறு ஒவ்வொரு சுரமும் அசைந்தும் குழைந்தும் அடுத்த சுரத்தை அடையும். இவ்வசைவே கமகம். கருநாடக இசையின் உயிர்நிலை அது. தோடி இராகத்தில் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்திவிட்டால், சுரம் இருக்கும், தோடி இராது.

ஆகவே, நேர்நடை நடக்கும் இசைக்கென வாசிக்கப்பட்ட பிடில், தேரசைவு கொண்ட இசைக்குப் பொருந்துமோ என்பதே அன்று எழுந்த வினா. பொருந்தாவிடின் அது வேடிக்கைப் பொருளாக வந்த வழியே போயிருக்கும்; அன்றி, கருவிக்கேற்ப இசையை வளைத்திருந்தால் இசையின் உயிர் குன்றியிருக்கும். இவ்விரு தீங்கும் நேரவில்லை. அதற்குக் கருவியின் அமைப்பு ஒரு காரணம். கற்றவரின் மதிநுட்பம் மற்றொரு காரணம்.

வீணையில் இருப்பவை போன்ற மெட்டுகள் பிடிலின் கழுத்தில் இல்லை. விரல் எங்கு அழுந்துகிறதோ அங்கே சுரம் பிறக்கும். விரலை நகர்த்தினால் இடையறாமல் ஒலியும் நகரும். இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய ஒலிகள் யாவும் அதில் எழும். மேலும், நரம்பை மீட்டும் கருவிகளில் எழும் ஒலி விரைவில் தேய்ந்து மறையும். பிடிலிலோ குதிரைவால் மயிரால் ஆன வில்லை நரம்பின்மேல் இழுக்குந்தோறும் ஒலி நீண்டுகொண்டே செல்லும். அதனால், மனிதக் குரலின் நீட்டத்தையும் குழைவையும் அது நிழல்போலத் தொடர வல்லதாயிற்று.

கற்றவர் செய்த மாறுதல்கள் இரண்டு. முதலாவது, சுருதி கூட்டும் முறை. மேனாட்டார் பிடிலின் நான்கு நரம்புகளையும் ஒன்றுக்கொன்று ஐந்தாம் சுர இடைவெளி அமையுமாறு கூட்டுவர். ஒவ்வொன்றின் ஒலியும் இன்னதென நிலையாக வரையறுக்கப்பட்டிருக்கும். இந்நாட்டாரோ பாடுவோர் குரலைத் தழுவி, சட்சம், பஞ்சமம், மீண்டும் மேல் சட்சம், மேல் பஞ்சமம் என நரம்புகளைக் கூட்டினர். கருவி பாடுவோர் சுருதிக்கு இணங்கியது. இரண்டாவது, அமரும் முறை. மேனாட்டார் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, கருவியைத் தோளுக்கும் மோவாய்க்கும் இடையே இறுக்கிப் பிடித்து வாசிப்பர். இந்நாட்டார் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தனர். கருவியின் ஒரு முனையை மார்பில் சாய்த்து, சுருள் வடிவான மறுமுனையை வலக்காலின் மீது ஊன்றினர். கருவியைத் தாங்கும் சுமை கையை விட்டு நீங்கியது. இடக்கை நரம்பின்மேல் தடையின்றி மேலும் கீழும் வழுக்கிச் செல்ல வழி பிறந்தது. கமகம் பேசுவதற்கு இன்றியமையாத உரிமை அதுவே. காண்பதற்கு எளிய இம்மாறுதலால் அயற்கருவி தமிழ்நாட்டுக் கூடத்தில் அமரக் கற்றுக்கொண்டது எனலாம்.

மேனாட்டிலிருந்து வந்த கருவிகள் எல்லாம் இவ்வாறு இடம்பெற்றுவிடவில்லை. ஆர்மோனியத்தின் கட்டைகளில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே நிற்பதால் கமகம் எழுவதில்லை. நாடக மேடையிலும் பசனைக் கூடத்திலும் அது பெருவழக்குப் பெற்றபோதிலும், இசையறிஞர் பலர் அதனை ஏற்கத் தயங்கினர். அகில இந்திய வானொலி 1940இல் அதற்கு விதித்த தடை 1971 வரை நீடித்தது. அயல்நாட்டது என்பதனாலேயே இந்நாட்டார் ஒன்றை வெறுக்கவும் இல்லை. புதியது என்பதனாலேயே வரவேற்கவும் இல்லை. தம் இசையின் உயிரைக் காக்க வல்லதா என்பதையே உரைகல்லாகக் கொண்டனர். அவ்வுரைகல்லில் பிடில் மாற்றுக் குறையாத பொன்னாயிற்று.

பாலுசாமி தீட்சிதருக்குப்பின் பிடிலின் புகழை வளர்த்தவர் தஞ்சை வடிவேலு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு எனத் தஞ்சை நால்வர் என்று போற்றப்படும் உடன்பிறந்தாருள் இவர் இளையவர். நால்வரும் முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர். வடிவேலு திருவனந்தபுரம் சென்று, இசைப்புலவரும் மன்னருமான சுவாதித் திருநாளின் அவையை அணிசெய்தார். அவருடைய பிடில் திறத்தில் ஈடுபட்ட மன்னர், 1834இல் தந்தத்தாலான பிடில் ஒன்றை அவருக்குப் பரிசாக வழங்கினார். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கோட்டைச் சுவருக்குள் கேட்ட அயற்கருவி, அதற்குள் அரசர் தம் கையால் அளிக்கும் உயர்ந்த பரிசாக உயர்ந்துவிட்டது.

அதன்பின் காவிரிப் படுகையில் பிடில் வேரூன்றித் தழைத்தது. திருக்கோடிகாவல் கிருட்டிணையர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை முதலியோர் அடுத்தடுத்த தலைமுறைகளில் அதன் வாசிப்பை மேன்மேலும் உயர்த்தினர். பாடுவோருக்குத் துணையாக நின்ற கருவி தனிக்கச்சேரிக்கும் தகுதி பெற்றது. சென்னைச் சங்கீத வித்துவசபையார் 1948இல் இராசமாணிக்கம் பிள்ளைக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தனர். படை இசைக்குழுவில் இருந்த கிளாரினெட்டும் இவ்வாறே சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்து, பின்னர்த் தனிக்கச்சேரிக் கருவியாகவும் வளர்ந்தது.

இவ்வரலாற்றில் வென்றவர் யாவர், தோற்றவர் யாவர்? படையால் வென்றவர் கம்பெனியார். ஆட்சியை இழந்தவர் தஞ்சை மன்னர். வென்றவர் தம் ஆற்றலைப் பறைசாற்றுதற்குக் கொணர்ந்த இசைக்கருவியை, தோற்றவர் நாட்டினர் தம் உள்ளத்து அன்பைப் பாடும் கருவியாக மாற்றிக்கொண்டனர். கம்பெனியாரின் ஆட்சி 1858இல் முடிவுற்றது; அதனைத் தொடர்ந்த பிரித்தானியர் ஆட்சியும் 1947இல் அகன்றது. பிடில் அவர்களோடு திரும்பிச் செல்லவில்லை. திருவாரூரிலும் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் அது தங்கிவிட்டது.

பிறரிடமிருந்து கற்பது இழிவன்று. கற்றதனால் தம்மை மறப்பதே இழிவு. திருவாரூர் இளைஞர் கோட்டை இசைஞரிடம் கற்றது பிடிலை மட்டுமே. அதில் ஒலித்ததோ அவருடைய முன்னோரின் இசை. நல்லதை எத்திசையிலிருந்தும் ஏற்று, தம் இயல்பிற்கேற்பப் பக்குவம் செய்து, பின்வருவோர்க்குத் தம் உடைமையாகவே விட்டுச்செல்லும் அறிவுடைமைக்கு இந்நான்கு நரம்புகள் நிலையான சான்றாக விளங்குகின்றன.